ஒப்பாரி என்று புகார் செய்யப்பட்ட கேசட்

அந்த ஆங்கில ராக் இசைத்தொகுப்பை உலகத்தில் எத்தனை பேர் முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதிகம் பேர் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் உரிய அறிவிப்புக் கொடுத்து, இரு தரப்பாரையும் வரவழைத்து, போலீஸ் பந்தோபஸ்துடன், ஏ பக்கம் பி பக்கம் ஒன்று விடாமல் கேட்டுக் குறிப்பெழுதிய ஒரே ஆள் நான்தான். இந்த விஷயத்தில் எனக்குப் போட்டி கிடையாது.

அப்போது நான் தாசில்தார். கீழ்வேளூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் பக்கம். பரம்பரைக் கர்ணங்கள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த புதிது. கர்ணத்துக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார். புதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் சொல்வார்கள். ஊருக்கு ஒரு குத்தகைத் தகராறு, தெருவுக்கு ஒரு கட்சிக் கொடிக்கம்பம். அமைதிக்குப் பங்கம் வரும் என்று போலீஸ் நினைத்தால் அறிக்கை எங்களுக்கு வரும். நாங்கள் நிர்வாக நடுவர் என்ற இன்னொரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வோம்.

ஒரு தை மாதம் அப்படி வந்த அறிக்கை ஒன்றில், கத்தி, கம்பு, அரிவாள் என்று வழக்கமாக இருக்கும் இடத்தில், ‘ஆங்கில ஒப்பாரி கேசட் ஒன்று’ என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு மிராசுதாருக்கும் அவருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டவருக்கும் தகராறு. குத்தகைக்காரர் தன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மிராசுதார், அது என் சொந்தப் பயிர், அவர் வெறும் கூலியாள் என்று சொல்லி வழக்குப் போட்டிருந்தார். வழக்கு கோர்ட்டில் கிடந்தது. கோர்ட்டில் கிடப்பதுதான் அதன் வேலை. இதற்கு நடுவில் குத்தகைக்காரர் தன் பேத்திக்குக் காது குத்தினார். மைக் செட் வைத்தார். மைக் செட்காரர் தென்னை மரத்தில் குழாயைக் கட்டினார். குழாயின் வாய் மிராசுதார் வீட்டைப் பார்த்து இருந்தது.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் மைக் செட் குழாயை ஒருவர் வீட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டினால், அது அவரை வாசலில் நின்று கூப்பிடுவதற்குச் சமம். ஓடுவது சுப்ரபாதமாக இருந்தாலும் அது சண்டைதான். அன்று ஓடியது சுப்ரபாதம் இல்லை. காலையில் மிராசுதார் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜித் தட்டு வந்து, காபி வருவதற்குள், எதிர்க் குழாயிலிருந்து ஓர் ஆண் குரல் நீளமாக முனகி அழ ஆரம்பித்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். கும்பகோணத்துக்காரர்கள் காபி குடிக்காமல் எழுந்தால் அது சாதாரண விஷயம் இல்லை.

“மங்களகரமான நேரத்தில் மனுதாரர் வீட்டை நோக்கி ஒப்பாரி வைத்து மிரட்டினார்” என்று புகார். குத்தகைக்காரரிடம் சமாதானப் பிணை வாங்க வேண்டும், தகராறு தீரும்வரை இரு தரப்பும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று போலீஸ் பரிந்துரை. சம்பா விளைந்து நின்றுகொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அந்த நெல்லை யாரும் தொட முடியாது. எங்கள் உத்தரவு முடிந்து மேல்முறையீடு முடிவதற்குள் நெல் வயலிலேயே கொட்டி, முளைத்து, அடுத்த போகத்துக்குத் தயாராகிவிடும்.

முதலில் வந்தது குத்தகைக்காரரின் மனைவி. புருஷனை மூன்றடி பின்னால் நிறுத்திவிட்டு அவரே பேசினார்.

“நாங்க என்னங்க தப்புப் பண்ணினோம்? பாட்டுப் போட்டது ஒரு தப்பா?”

“குழாயை ஏம்மா அவர் வீட்டைப் பார்த்துக் கட்டினீங்க?”

“மரம் அங்கதாங்க இருக்கு.”

“குழாயைத் திருப்பிக் கட்டலாமில்ல?”

“திருப்பினா எங்க வீட்டுக்குள்ள கேக்கும். புள்ள தூங்குதுல்ல?” என்றார் சளைக்காமல். பிறகு குரலை இறக்கி, “கதிரு தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. இந்த வாரம் அறுக்கலேன்னா தரையிலதான் பொறுக்கணும். அவரு கேசை அவரு நடத்திக்கட்டும். அறுப்பை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார். புருஷன் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். அவருக்கு வைத்திருந்த வசனம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

அடுத்து மைக் செட் பாய். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். எந்தக் கட்சி மேடையானாலும் ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ என்று முதலில் பேசுகிறவர் அவர்தான் என்பதால், தனக்குத்தான் எல்லாக் கட்சியிலும் மூப்பு என்று சொல்லிக்கொள்வார்.

“ஏன் பாய், ஊர்ல வேற பாட்டே இல்லையா?”

“இருக்கு சார். எல்லாத்துக்கும் கட்சி இருக்கே! இந்த நடிகர் பாட்டைப் போட்டா அந்தக் கட்சிக்காரன் சோத்துல கை வைக்க மாட்டான். அந்த வசனக்காரர் படத்துப் பாட்டைப் போட்டா இவன் இலையை மடக்கிடுவான். சம்பந்தி வீடு ஒரு கட்சி, பொண்ணு வீடு ஒரு கட்சி. தாய்மாமன் செங்கொடி. போன வருஷம் ஒரு வளைகாப்புல காதல் பாட்டு ஒண்ணு போட்டேன் சார், வெறும் காதல் பாட்டு. அதுக்கே நாற்காலி பறந்துச்சு.”

“சாமி பாட்டுப் போட வேண்டியதுதானே?”

“பெரியப்பா ஒருத்தர் கறுப்புச் சட்டை. சாமி பாட்டு வந்தா மொய் எழுதாமப் போயிடுவாரு.”

“நாதஸ்வரம்?”

“அந்தக் கேசட்டை டெக் தின்னுடுச்சு சார். கட்சியில்லாத பாட்டாப் போடுங்க பாய்னு சொல்லிட்டாங்க. தமிழ்ல நான் எங்க போவேன்? மச்சான் துபாய்லேர்ந்து வந்தப்ப டூ-இன்-ஒன்னோட சேர்ந்து வந்த கேசட் ஒண்ணு கிடந்துச்சு. இங்கிலீசு. எவனுக்கும் புரியாது, எவனும் சண்டைக்கு வர மாட்டான்னு போட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் புரியலதான்” என்றார்.

தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றைப் பற்றி நான் பல தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். பாய் சொன்னதைவிடத் தெளிவாக எதிலும் இல்லை.

ஒரு பாட்டு ஒப்பாரியா இல்லையா என்று தீர்மானிக்க வருவாய்த்துறை நிலையாணைகளில் வழி சொல்லப்படவில்லை. தேடிப் பார்த்தேன். புறம்போக்கில் நிற்கும் தென்னையின் காய் யாருக்கு என்பதற்கு உண்டு. வாய்க்காலில் செத்துக் கிடக்கும் மாட்டை யார் அகற்றுவது என்பதற்கு உண்டு. இதற்கு இல்லை. கேசட்டோடு போலீஸ் ஒரு பிரதியும் இணைத்திருந்தது: பாட்டைக் கேட்டு எழுதிய வாசகம். ‘ஊ... ஊ... ஆ... (தெளிவில்லை)... ஊ...’ என்று இரண்டு பக்கம். கீழே சப்-இன்ஸ்பெக்டரின் கையெழுத்தும் முத்திரையும். நடுவில் ஓர் இடத்தில் ‘டேப் கோளாறு’ என்று நேர்மையாகக் குறித்திருந்தார்கள்.

பிரதியை வைத்து மூலத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே பாயின் டெக்கை ஆபீசுக்கு வரவழைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்க உட்கார்ந்தேன்.

அட்டையில் ஒரு வயல். நடுவில் பாதி புதைந்த ஒரு பியானோ, அதன்மேல் விரித்த குடை. பாடியவர்கள் இங்கிலாந்தில் எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஊர் இளைஞர்கள். தொகுப்பின் பெயரையும் அவர்கள் பெயரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. இந்த வகை இசைக்கு நியோ-சைக்கடெலிக் ராக் என்று பெயர் என்பதே எனக்கு ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில்தான் தெரிந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னால் சில பேர் போதையில் மிதந்துகொண்டு வாசித்ததை, இவர்கள் டீ குடித்துவிட்டு நிதானமாக மறுபடி வாசித்தார்கள். மேலிடத்துப் பழைய உத்தரவு ஒன்றைக் கீழே இருப்பவர் நகலெடுத்து, அங்கங்கே சொந்தமாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுவது மாதிரி. நகலே மூலத்தைவிட நன்றாக இருந்த உத்தரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் பாட்டில் கித்தார் ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்துக்கொண்டு வந்தது. வெகு நேரம் அதுவே ஓடியது. பாடகர் பதினொரு மணிக்கு ஆபீஸ் வருகிற ஆள் மாதிரி தாமதமாக, ஆனால் வருத்தம் இல்லாமல் உள்ளே வந்தார். இரண்டாவது பாட்டு நினைவில்லை. எல்லாத் தொகுப்பிலும் இரண்டாவது பாட்டு அப்படித்தான். மூன்றாவதில்தான் அந்த ‘டேப் கோளாறு’ வந்தது. சத்தம் இல்லாத இடத்திலிருந்து கித்தார் ஊதிப் பெரிதாகி, உச்சிக்கு வந்ததும் யாரோ உறிஞ்சிக்கொண்டது போல டக்கென்று நின்றது. மறுபடி ஊதியது, மறுபடி நின்றது.

“பெல்ட் லூஸ் சார்” என்றார் பியூன். எங்கள் ஆபீசில் எந்த இயந்திரத்துக்கும் அவர்தான் வைத்தியம். ஒரு பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு டெக்கின் தலையைத் துடைத்தார். மறுபடி போட்டோம். அதே இடத்தில் அதே கோளாறு. பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கிப் போட்டோம். அதே இடம், அதே கோளாறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது. வேண்டுமென்றே வாசித்ததைப் பின்பக்கமாக ஓட்டியிருக்கிறார்கள். வாய்க்காலில் மதகைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீரை, யாரோ மதகுக்குள் திரும்ப அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வெகு நாள் வேலையில் இருந்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? எத்தனை உத்தரவுகளைத் திரும்ப வாங்கியிருப்பேன்!

நாலாவது பாட்டுத்தான் குற்றவாளி. ஆர்கன் ஒரே சுருதியில் நிற்க, அந்த ஆள் சொல்லே இல்லாமல் முனகுகிறார். நீளமாக, இழுத்து, தொண்டையைக் கொஞ்சம் கமறவிட்டு. நியாயமாகச் சொன்னால் மிராசுதாரை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்கும் இடத்தில் என் வீட்டில் கேட்டிருந்தாலும் எழுந்திருப்பேன். கடைசியில் நாலு வரி மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. காதை வைத்துக் கேட்டேன். பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்கிப்போன ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தக் குடை எங்கெங்கே போயிருக்கும் என்று அவர் கவலைப்படுகிறார். அவ்வளவுதான் மிரட்டல். பி பக்கத்துக்குப் போவதற்குள் ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது.

இணையத்தில் இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரே ஒரு விமரிசகர் எழுதியிருக்கிறார். ‘ஒரே சுருதியில் நின்று சலிப்பூட்டுகிறது’ என்பது அவர் கண்டுபிடிப்பு. தம்புரா ஒரே சுருதியில் நிற்கிறது என்று தஞ்சாவூரில் யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா? நிற்பதற்குத்தான் அதை வைத்திருக்கிறோம். அந்த நிற்கிற சுருதிக்கு மேலே அந்த முனகல் கொஞ்சம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, ஒரு தடவை கூட அவசரப்படவில்லை. குடை தொலைந்ததற்கு இவ்வளவு அழகாக வருத்தப்பட்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

விசாரணை நாள் வந்தது. நான் எழுதி வைத்திருந்த அந்த நாலு ஆங்கில வரியைப் படித்து, பொருளைச் சொன்னேன். மிராசுதார் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல மனுஷர்தான், வெள்ளை வேட்டி, ஜவ்வாது வாசனை. ஆளும் கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. தை பிறந்தால் காவிரிக்கரைக் கச்சேரிகளுக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிற ரசிகர்.

“குடையாவது, மடையாவது! உங்க ரூம்ல இந்தச் சின்னப் பெட்டியில கேட்டா அது குடைதான் சார். எங்க வீட்டு வாசல்ல, குழாயில கேளுங்க, அப்புறம் சொல்லுங்க.”

வாதம் சரிதான் என்று பட்டது. சம்பவம் நடந்த இடத்தை, நடந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பது விதி. தல விசாரணைக்கு உத்தரவு போட்டேன்: அதே தென்னை, அதே குழாய், அதே திசை, அதே கேசட், முழுவதும்.

போனபோது ஊரே கூடியிருந்தது. காதுகுத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மேசை நாற்காலி வந்தது. யார் வீட்டு நாற்காலியிலும் உட்காரக் கூடாது, யார் வீட்டு மோரும் குடிக்கக் கூடாது. அது எழுதாத விதி. மிராசுதார் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குத்தகைக்காரரும் மனைவியும் எதிரே, மரத்தடியில். அவர்களுக்குப் பின்னால் வயல். வெயிலில் நெல் பழுப்பேறி, சாயத் தொடங்கியிருந்தது. காற்று அடிக்கும்போது அந்தம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

குழாயில் அந்தக் கித்தார் வந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பாட்டை உருவாக்கியவர்கள் எதிரொலிக்காக என்னென்னவோ செய்திருப்பார்கள். எங்கள் பக்கத்துக் குழாயும், மிராசுதார் வீட்டுச் சுவரும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கோயில் மதிலும் சேர்ந்து அதற்கு மேல் இரண்டு எதிரொலியைத் தாமாகவே சேர்த்துக்கொடுத்தன. இந்த இசை பெரிய வெட்டவெளிக்காகச் செய்தது, அறைக்குள் அடைக்கக் கூடாதது என்று அப்போது புரிந்தது. மூன்றாவது பாட்டில் “டேப்பு சிக்கிக்கிச்சு, டேப்பு சிக்கிக்கிச்சு” என்று கூட்டம் பாயைப் பார்த்துக் கத்தியது. “சிக்கல, அப்படித்தான்!” என்று பாய் பதிலுக்குக் கத்தினார்.

நாலாவது பாட்டு வந்தது. முனகல் வயல் முழுக்கப் பரவியது. மிராசுதார் எழுந்து நின்றுவிட்டார்.

“இதுதான் சார்! கேட்டீங்களா? இது ஒப்பாரி இல்லாம என்ன?”

“ஒப்பாரின்னா மாரடிச்சு, உறவு சொல்லி அழணும்” என்றார் குத்தகைக்காரரின் மனைவி. “இந்த ஆளு யாரையும் ஒண்ணும் சொல்லலியே!”

“இங்கிலீஷ்காரன் செத்தா அப்படித்தான் அழுவான். உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? எத்தனை இங்கிலீஷ்காரன் சாவுக்குப் போனீங்க?”

கூட்டம் சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டர் தடியைத் தரையில் தட்டினார். குற்றம் சாட்டப்பட்ட பாட்டைக் கேட்டாகிவிட்டது, நிறுத்தலாமா என்று என்னைக் கேட்டார். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்குப் பசி. எனக்கோ இன்னும் முடிவு கிடைக்கவில்லை. அந்தப் பாட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வாதம் இருந்தது. சந்தேகம் இருந்தால் போலீஸ் பரிந்துரைப்படி போவதுதான் பாதுகாப்பு. எந்த அதிகாரியும் அதைத்தான் செய்வார். அப்படிச் செய்தால் பின்னால் நிற்கிற நெல்லுக்குக் கதி இல்லை.

“ஒரு ஆவணத்தைப் பாதி படிச்சிட்டு முடிவு சொல்ல முடியாது. பி பக்கத்தையும் போடுங்க பாய்” என்றேன். விதியும் அதுதான், ஆசையும் அதுதான். இரண்டும் ஒன்றாகப் போவது என் சர்வீசில் அபூர்வம்.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரே ஒரு ஆர்கன் ஸ்வரத்தில் ஆரம்பிக்கிறது. அதன் கீழே டிரம் மெல்ல நுழைகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஏதோ நொண்டுவது போலத் தோன்றும். நம் காது எங்கே முடியும் என்று எதிர்பார்க்கிறதோ, அங்கே முடியாமல் ஒரு அடி முன்னாலேயே திரும்பிவிடும். நொண்டுகிறது என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது, எந்த நொடியில் என்று தெரியாமல், அது நடனமாகிவிடும். கித்தார்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பாடகர் சேர்ந்துகொள்ளவே மாட்டார். அவருக்கு வேலை இல்லை என்று தெரிந்த நாகரிகம். கடைமடைக்கு முதல் தண்ணீர் வரும்போது, புழுதியில் நாக்கு மாதிரி நீண்டு, தயங்கி, பள்ளம் பார்த்துத் திடீரென்று ஓட ஆரம்பிக்குமே, அந்த ஓட்டம். இணைய விமரிசகர் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுவரை கேட்டிருக்க மாட்டார். பாதி ஆவணம் படித்து உத்தரவு போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான் பாட்டில் இருந்தேன். பியூன் என் முழங்கையை இடித்தார். கண்ணால் காட்டினார்.

மிராசுதார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் வலது கை அவரைக் கேட்காமல் தொடைக்குப் போயிருந்தது. முதலில் ஆதி தாளம் போட்டது, பொருந்தவில்லை. புருவம் சுருங்கியது. கை அந்தரத்தில் நின்றது. விரல் எண்ணியது. மறுபடி தட்டியது, மறுபடி தவறியது. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ‘தகிட தகதிமி’ என்று ஏழாக எண்ணி உதடு அசைந்தது. கை விழுந்தது, சரியான இடத்தில். அடுத்த சுற்றும் சரியான இடத்தில். முகம் மலர்ந்துவிட்டது.

“அட! மிஸ்ர சாப்புய்யா!” என்று உரக்கச் சொன்னார்.

அதுவரை வாய் திறக்காத குத்தகைக்காரர் அப்போதுதான் திறந்தார்.

“ஐயா, ஒப்பாரிக்குத் தாளம் போட்ட மொத ஆளு நீங்கதாங்க.”

தென்னை மட்டையே விழுகிற மாதிரி சிரிப்பு. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். மிராசுதார் தொடையிலிருந்து கையை எடுத்தார், சூடுபட்ட மாதிரி. நான் எழுத்தரைப் பார்த்து, “எழுதிக்குங்க: பாட்டு ஓடும்போது மனுதாரர் ரசித்துத் தாளம் போட்டார்” என்றேன்.

“அதையெல்லாமா சார் எழுதுவாங்க?” என்றார் மிராசுதார்.

“சாட்சி எப்படி நடந்துக்கிட்டார்னு குறிக்கணும்னு சட்டம் இருக்குங்க.”

“அது பழக்கதோஷம் சார்!”

“அதையும் எழுதிக்கச் சொல்றேன்.”

அவர் என்னை முறைத்தார். பிறகு குழாயைப் பார்த்தார். பாட்டு முடிந்து டேப் வெறுமனே சீறிக்கொண்டிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “அந்தக் கடைசிப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. நடுவுல ஒரு இடத்துல விட்டுட்டேன்” என்றார்.

சாட்சியப் பொருளை மனுதாரர் ரசனைக்காக இரண்டாம் முறை இயக்க விதி இல்லை. கூடாது என்றும் விதி இல்லை. போடச் சொன்னேன். அந்த முறை அவர் ஒளிக்காமலே போட்டார். விட்ட இடத்தையும் பிடித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கேஸ் கேஸா இருக்கட்டும். அதை நான் கோர்ட்டுல பாத்துக்கறேன்” என்றார் குத்தகைக்காரரிடம். “கதிர் கொட்ட வேணாம். அறுத்துக்க.”

“பாத்துக்குங்க ஐயா” என்றார் அவர். அந்தம்மாள் வயலைத் திரும்பிப் பார்த்தார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அங்கேயே உத்தரவு எழுதினேன். மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. அறுவடைக்குத் தடை இல்லை. ஒலிபெருக்கிக் குழாயை இனிமேல் எந்த வீட்டையும் நோக்கிக் கட்டக் கூடாது; வயலை நோக்கிக் கட்டவும். கேசட் யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டதோ அவரிடமே ஒப்படைக்கப்பட வேண்டும். பாய், “நீங்களே வச்சுக்குங்க சார், எனக்கு இது ராசியில்ல” என்றார். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அது அன்பளிப்பு. காலி கேசட் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்து நகல் எடுத்துத் தரச் சொன்னேன். பாய் திண்ணையில் இரண்டு டெக்கை எதிரெதிரே வைத்து எடுத்த அந்த நகல்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் எங்கோ ஒரு சேவல் கூவுவதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மூலப்பதிவில் சேவல் இல்லை. ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பி வரவில்லை. மிராசுதார் பெண்ணுக்கு அடுத்த ஆவணியில் வேறொரு நல்ல இடத்தில் முடிந்தது. வழக்கு எனக்குப் பின் வந்த தாசில்தார்களையும் தாண்டி ஓடியது என்று கேள்வி.

அந்த வாரமே அஸ்மாயிஷ் வேலையாக, பயிர் பார்த்துக் கணக்கோடு ஒப்பிட, அதே வழியாக ஜீப்பில் போனேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்திருபது பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நடுவில் குத்தகைக்காரரின் மனைவி, எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும் அதட்டிக்கொண்டு. வெட்டிய நெல் அரிகள் பின்னால் வரிசையாகக் கிடந்தன. தென்னை மரத்தில் குழாய் அப்படியே இருந்தது, வாய் மட்டும் உத்தரவுப்படி வயலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அறுக்க வந்தவர்களிலும் இரண்டு கட்சியும் செங்கொடியும் இருந்ததால், பாய்க்கு வேறு வழியில்லை. அதே கேசட்தான்.

“என்ன பாய், ராசியில்லன்னீங்க?”

“அறுக்கறவங்க கேட்டாங்க சார். கடைசிப் பாட்டு அருவாளுக்குத் தோதா இருக்காம்.”

வரப்பில் மிராசுதார் நின்றிருந்தார். களத்தில் தன் பங்கு அளப்பதைப் பார்க்க வந்தேன் என்று நான் கேட்காமலே சொன்னார். அளக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. குழாயில் ஆர்கன் தனியாக ஆரம்பித்தது; டிரம் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் வலது கையில் பிடித்திருந்த குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.